கோர்ட் வராந்தாவில் தனக்கோடி கேட்டது

போன வாரம் உங்கள்ல ஒரு இளம் வக்கீல் என் வீட்டுக்கு வந்திருந்தார். பேர் சொல்ல மாட்டேன், இங்கதான் உக்காந்திருக்கார். அவர் கையில ஒரு கேஸ்: அம்மா கிட்டேயிருந்து குழந்தையை எடுத்து இல்லத்துல வச்ச உத்தரவு, அதுக்கு மேல அப்பீல். "சார், அக்கம்பக்கத்துச் சாட்சி அத்தனை பேரும் நம்ம பக்கம். கண்டிப்பா ஜெயிச்சுடுவோம்"னு சொல்லிட்டு காப்பியைக் குடிச்சார். அந்தக் 'கண்டிப்பா' எனக்குப் பழக்கமான வார்த்தை. அன்னிக்கே அவர் கிட்டச் சொல்லியிருக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இன்னிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கீங்க, சரி, அதையே சொல்லிடறேன்.

அப்பீலை எந்தக் கெடுவுக்குள்ள போடணும், எந்தப் பிரிவு, எத்தனை நகல், அதெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. உங்களுக்குத்தான் புஸ்தகம் இருக்கே. நான் சொல்றது கோர்ட்டு வராந்தாவுல நடக்கறது. நீங்க அங்கியை மாட்டிக்கிட்டு, கேஸ் கட்டை அள்ளிக்கிட்டு, அவசர அவசரமா உள்ள போவீங்க. அங்க நிக்கிற சாட்சி உங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேப்பா. உங்க மூளைக்குள்ள இருக்கற சட்டம் மொத்தமும் அப்போ ஊமையா நிக்கும்.

என்னை அப்படி நிறுத்தினவ பேரு தனக்கோடி. பிரெஞ்சுக்காரங்க கொடியை இறக்கிட்டுப் போய் ரெண்டு மூணு வருஷம் ஆயிருந்துச்சு. போலீஸ்காரன் தலையில தொப்பி மாறிடுச்சு, தபால்பெட்டியில எழுத்து மாறிடுச்சு, கோர்ட்டு மட்டும் அப்படியே இருந்தது. சட்டம் பிரெஞ்சு சட்டம், வாதம் பிரெஞ்சுல, தீர்ப்பு பிரெஞ்சுல. கூண்டுல நிக்கறது நம்ம முதலியார்பேட்டை ஜனம். நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்னு இதை அதாவும் அதை இதாவும் மாத்திச் சொல்லுவார். நான் அப்ப சின்ன வக்கீல், ஒரு பெரிய வக்கீலுக்குக் கீழே இருந்தேன்.

அஞ்சலைங்கற ஒருத்தி எங்க ஆபீசுக்கு வந்தா. பஞ்சாலையில நூல் சுத்தற பிரிவுல வேலை. புருஷன் காசநோயில போயிட்டான். அம்மா இல்லை, மாமியார் இல்லை, கூடப்பொறந்தவங்க இல்லை. ஒரே பொண்ணு, பூங்காவனம், ரெண்டரை வயசு இருக்கும். அந்தப் பொண்ணைக் கோர்ட்டு உத்தரவு போட்டு எடுத்துட்டாங்க. ஊருக்குள்ள இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்துல வச்சிருந்தாங்க.

என்ன குத்தம்னு கேளுங்க. புள்ளையைக் கட்டிப் போட்டுட்டு வேலைக்குப் போனா, அதுதான் குத்தம். கேக்கறதுக்கு உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குல்ல? எனக்கும் இருந்துச்சு. அப்புறம் அவ குடியிருந்த லைனைப் போய்ப் பாத்தேன். மில்லுக்குப் பக்கத்துல ஒரே வரிசையா குடிசைங்க. பின்னாடி ஒரு வாய்க்கால், கரைன்னு ஒண்ணும் கிடையாது, குடிசைச் செவுரு முடியற இடத்துல தண்ணி ஆரம்பிச்சுடும். முந்தின வருஷம் ஒரு குழந்தையை அதுலேர்ந்துதான் எடுத்தாங்க. சங்கு ஊதினா மில்லு கேட்டைச் சாத்திடுவான். புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு உள்ள போக முடியாது. அதனால லைன்ல இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் ஒரு வழி வச்சிருந்தாங்க. பழம்புடவையைக் கிழிச்சு, ஒரு முனையைக் குழந்தை இடுப்புல, இன்னொரு முனையைக் குடிசை நடுக்கால்ல, அதான் நடுவுல நட்ட கம்பத்துல, கட்டிடுவாங்க. நீளம் பாத்துதான் கட்டுவாங்க. கஞ்சிக் கிண்ணம் எட்டும், தண்ணிச் சொம்பு எட்டும், வெளிய போக எட்டாது. காலை ஷிப்டுக்குப் போனவ புள்ளை அழுதா, மத்தியான ஷிப்டுக்காரி எழுந்து வந்து பாப்பா. மத்தியான ஷிப்டுக்காரி போனப்புறம் இவ பாப்பா. இதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுன்னு நான் சொல்லலை. ஆனா அவங்களுக்கு வேற என்ன வழி இருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்?

சித்திரை வெயில்ல, வேர்வையில, பூங்காவனத்துக்கு இடுப்பைச் சுத்திப் புண்ணாயிடுச்சு. அஞ்சலையே பதறிப்போய் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினா. டாக்டர் கேட்டார், இது எப்படி வந்துச்சுன்னு. இவ உள்ளதைச் சொன்னா. அந்த டாக்டர் ராட்சசன் இல்லை. குழந்தை இடுப்புல கட்டின தழும்பைப் பாத்து மனசு கேக்காம எழுதிப் போட்டார். புரொக்கூரர்னு சொல்லுவாங்க, அரசாங்க வக்கீல், அவர் கையில எடுத்தார். முதல் கோர்ட்டுல ஒரே ஒரு கேள்விதான். "குழந்தையைக் கட்டிப் போட்டியா?" "ஆமாங்க, தெனமும்"னா. கதை முடிஞ்சுது. தீர்ப்பைப் பிரெஞ்சுல படிச்சு முடிச்சதும் அவ மொழிபெயர்ப்பாளரைப் பாத்து, "இப்ப வூட்டுக்கு இட்டுக்கினு போலாங்களா?"ன்னு கேட்டிருக்கா. அதை அவரே என்கிட்ட சொன்னார்.

என் சீனியர் கேஸைக் கேட்டுட்டுக் குதிச்சார். நல்ல மனுஷன், பயங்கரக் கோபக்காரர், பேச ஆரம்பிச்சார்னா மேஜை மேல இருக்கற மைக்கூடு ஆடும். "கட்டறது கொடுமை இல்லைய்யா, காவல்! கண்ணனை யசோதை உரல்ல கட்டலையா? அவளைக் கூப்பிட்டு விசாரிப்பாங்களா?"ன்னார். "ஜட்ஜுக்கு யசோதை யாருன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள சாப்பாட்டு நேரம் வந்துடுமே"ன்னேன். முறைச்சார். ஆனா அவர் போட்ட திட்டம் சரியான திட்டம்தான், இன்னிக்கும் அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். அப்பீல் கோர்ட்டுல வழக்கமா காகிதத்தை மட்டும்தான் பாப்பாங்க, ஆளைக் கூப்பிட மாட்டாங்க. இவர் மல்லுக்கட்டி சாட்சி விசாரணைக்கு அனுமதி வாங்கினார். லைன்ல இருக்கற தாய்மாருங்க வந்து, "நாங்களும் கட்டறோம், எல்லாரும் கட்டறோம், புள்ளை பொழைக்கணும்னுதான் கட்டறோம்"னு சொல்லணும். அப்போ அஞ்சலை தனிப்பட்ட கொடுமைக்காரி இல்லைன்னு ஆயிடும். அதுதான் எங்க வாதம் மொத்தமும்.

சாட்சிகளைத் தயார் பண்ண நான் ஒரு ஞாயித்துக்கிழமை லைனுக்குப் போனேன். மில்லு ஓடலைன்னாலும் துணி தோய்க்கணும், அரைக்கணும், விறகு பொறுக்கணும், அதனால அன்னிக்கும் பாதிக் குழந்தைங்க கட்டுலதான் இருந்துச்சு. என்னைச் சுத்தி ஏழு பொம்பளைங்க. தனக்கோடிதான் முன்னால நின்னா. வாட்டசாட்டமா, வாய் ஓயாம பேசறவ. அஞ்சலைக்கு அடுத்த குடிசை. வக்கீலை அங்க எல்லாரும் 'முசே'ன்னுதான் கூப்பிடுவாங்க, பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம்.

"நாங்கல்லாம் வர்றோம் முசே. நான்தான் மொதல்ல ஏறிச் சொல்லுவேன். இன்னா, தலையவா எடுத்துருவான்? அவன் வந்து பாத்துக்குவானா எம் புள்ளைய?"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அவ பையன் மூணு வயசு இருக்கும். நடுக்கால்ல கட்டியிருந்த புடவையை இழுத்துக்கிட்டே என்னைப் பாத்து நாக்கை நீட்டினான். அஞ்சலை ஓரமா நின்னுக்கிட்டு இருந்தா. அன்னிக்கு அவ மூஞ்சியில ஒரு தெம்பு இருந்துச்சு. எனக்கும் இருந்துச்சு. உங்க நண்பர் காப்பி குடிச்சப்ப இருந்த அதே தெம்பு.

அதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துபோச்சு. சாட்சிகளுக்கு அழைப்பு கொடுக்க கோர்ட்டு ஆள் ஒருத்தர் போனார், துணைக்குப் போலீஸ்காரர். ஆளைச் சரிபாக்கறதுக்காக, பேரென்ன, புருஷன் பேரென்ன, வீட்டுல எத்தனை குழந்தைங்கன்னு கேட்டிருக்கார். எல்லா இடத்துலயும் கேக்கற கேள்விதான். ஆனா லைன்ல அது எப்படிப் போச்சுன்னா, போலீஸ் வந்து புள்ளைங்களை எண்ணிக்கினு போயிருக்குதுன்னு போச்சு. இதை எங்க கிட்ட யாரும் வந்து சொல்லலை.

விசாரணை அன்னிக்கு ஏழு பேர்ல மூணு பேர்தான் வந்திருந்தாங்க. வராந்தாவுல கடைசித் தூண் பக்கமா ஒட்டிக்கிட்டு நின்னாங்க. சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை. சீனியர் முன்னாலயே உள்ள போயிட்டார். நான் பின்னால போறேன். தனக்கோடி என் எதிரே வந்து நின்னா.

"முசே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நானும் கட்டறேன்னு உள்ள போய்ச் சொன்னா, எம் புள்ளையயும் எடுத்துக்கினு போயிடுவாங்களா?"

இதுதான் அந்தக் கேள்வி. இப்ப நீங்க என் இடத்துல நின்னு பாருங்க. நான் அஞ்சலைக்கு வக்கீல். தனக்கோடிக்கு இல்லை. "சேச்சே, அதெல்லாம் மாட்டாங்க, தைரியமா போய்ச் சொல்லு"ன்னு ஒரு வார்த்தை போதும். அவ நம்பியிருப்பா. உள்ள போய் வெளுத்து வாங்கியிருப்பா. ஆனா அந்தப் புரொக்கூரரை எனக்குத் தெரியும். ஒழுங்கானவர், விடாக்கண்டர். கோர்ட்டுல ஒருத்தி சத்தியம் பண்ணி, நானும் என் குழந்தையைக் கட்டிப் போடறேன்னு சொன்னா, அவர் அதைக் காதுல வாங்கிட்டுச் சும்மா இருக்கற ஆள் இல்லை. எடுத்தாலும் எடுப்பார். ஒருத்தி சொன்னா ஒரு புள்ளை. மூணு பேர் சொன்னா மூணு வீட்டுப் புள்ளைங்க. மாட்டாங்கன்னு சொல்ல எனக்கு என்ன ஆதாரம்? எடுப்பாங்கன்னு சொன்னா அஞ்சலை கதி?

உள்ளேயிருந்து கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. "எடுக்க மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா"ன்னேன்.

அவ தலையை ஆட்டினா. "செரி முசே"ன்னா.

நான் ஓடிப்போய் சீனியர் காதுல சொன்னேன், இவங்களைக் கூப்பிடாதீங்க, பயந்து போயிருக்காங்கன்னு. "பேரு கொடுத்தாச்சு. நான் கூப்பிடலைன்னா எதிர்த்தரப்பு கூப்பிடும். போய் உக்காரு"ன்னார்.

தனக்கோடி உள்ள வந்தா. கையைத் தூக்கி சத்தியம் பண்ணினா. சீனியர் கேள்வியைத் தலைமை நீதிபதி கிட்ட சொன்னார். அங்க வக்கீல் நேரா சாட்சியைக் கேக்கக் கூடாது, அவர் மூலமாத்தான் கேக்கணும். மொழிபெயர்ப்பாளர் தமிழ்ல கேட்டார். நீ வேலைக்குப் போகறப்போ உன் குழந்தையை எப்படி விட்டுட்டுப் போற?

"தெரிஞ்சவங்க வூட்ல வுட்டுட்டுப் போவங்க."

"கட்டிப் போடறது உண்டா?"

"அய்யய்யோ, இல்லீங்க. அப்டியெல்லாம் செய்யறது இல்லீங்க."

"உங்க லைன்ல வேற யாராவது?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

அடுத்தவ வந்தா. அதே பதில். மூணாமவ வந்தா. அதே பதில், குரல்தான் கேக்கலை, ரெண்டு தடவை திருப்பிக் கேட்டாங்க. மூணு ஜட்ஜும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. எங்க சாட்சியே எங்களைக் குழி தோண்டிப் புதைச்சுட்டுப் போய் உக்காந்துடுச்சு. பெஞ்சுல எனக்குப் பின்னால அஞ்சலை. திரும்பிப் பாக்க எனக்குத் தைரியம் வரலை.

சீனியர் என் பக்கம் குனிஞ்சார். முகம் செவந்து போயிருந்துச்சு. "நீதானே லைனுக்குப் போனே? அந்தத் தனக்கோடி பையனை உன் கண்ணால பாத்தேன்னு சொன்னியே? எழுந்திரு. நாள், கிழமை சொல்லிக் கேளு. வக்கீல் வந்தன்னிக்கு உன் பையனை நடுக்கால்ல கட்டியிருந்தியா இல்லையான்னு கேளு. அவளால பொய் சொல்ல முடியாது. ஒடைஞ்சிடுவா."

உண்மை. ஒடைஞ்சிருப்பா. என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு அவளால அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியாது. நான் எழுந்து நின்னேன். தலைமை நீதிபதி, "கேள்வி இருக்கா?"ன்னு என்னைப் பாத்தார்.

பின்னாலேர்ந்து அங்கிக் கையைப் பிடிச்சு இழுத்தது அஞ்சலை.

"வேணாம் முசே."

"என்ன வேணாம்?"

"அவள ஒண்ணும் கேக்காதீங்க."

"அஞ்சலை, இதைக் கேக்கலைன்னா பூங்காவனம் வரமாட்டா. புரியுதா உனக்கு?"

"புரியுது. வுட்டுருங்க."

பிடியை விடலை அவ. மூணு ஜட்ஜும் பாத்துக்கிட்டு இருக்காங்க. புரொக்கூரர் பேனாவைக் கையில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கார். எனக்கு அவ மேல அப்படி ஒரு கோபம் வந்துச்சு. பைத்தியக்காரி, உன் புள்ளை உனக்கு வேணாமான்னு கத்தணும் போல இருந்துச்சு. கேஸ் யாருடையது? என்னோடதா, அவளோடதா? அவளோடது. "கேள்வி இல்லை"ன்னு சொல்லிட்டு உக்காந்தேன். சீனியர் கண்ணை மூடிக்கிட்டார்.

தலைமை நீதிபதி அஞ்சலையையே எழுந்திருக்கச் சொன்னார். கெட்டவர் இல்லை அவரும், ஒரு வாய்ப்பு கொடுத்துப் பாக்கணும்னுதான் கேட்டார். உங்க இடத்துல இது எல்லாரும் செய்யற வழக்கம்னு உன் வக்கீல் சொல்றார், இவங்க இல்லைன்னு சொல்றாங்க, நீ என்ன சொல்ற? மொழிபெயர்ப்பாளர் இதைத் தமிழ்ல சொன்னார். அஞ்சலை தனக்கோடி உக்காந்திருந்த பக்கம் பாத்தா. தனக்கோடி தலையை நிமிர்த்தவே இல்லை.

"நான் ஒருத்திதாங்க கட்டினேன்"ன்னா அஞ்சலை.

அதைப் பிரெஞ்சுல சொல்ல மொழிபெயர்ப்பாளருக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு. அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான், லைன் எப்படின்னு தெரிஞ்சவர். ஆனா சொன்னதைச் சொல்லணுமே, சொன்னார். உத்தரவு சரிதான்னு அப்பீலைத் தள்ளிட்டாங்க.

வெளிய வந்தோம். அந்த மூணு பேரும் படிக்கட்டுல நின்னுக்கிட்டு இருந்தாங்க, இறங்கிப் போகவும் முடியலை, கிட்ட வரவும் முடியலை. அஞ்சலை நேரா தனக்கோடி கிட்ட போனா. சரி, மயிரைப் பிடிச்சு இழுக்கப் போறா, நல்லாக் கேக்கட்டும்னுதான் நான் நெனச்சேன்.

"புள்ளைய அவுத்து வுட்டுட்டுத்தானே வந்த?"ன்னா.

தனக்கோடி ஆமான்னு தலையாட்டினா. சாட்சி சொல்லப் போற அன்னிக்கு, போலீஸ் வந்து பாத்துடுமோன்னு பயந்து, யாருமே கட்டலை.

"வாய்க்கா கெடக்குது. ஓடு"ன்னா அஞ்சலை.

தனக்கோடி ஓடினா. புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, கடற்கரைக் காத்துல தலை அவுந்து, வாய் விட்டு அழுதுக்கிட்டே ஓடினா. மத்த ரெண்டு பேரும் பின்னாடியே ஓடினாங்க. நான் அஞ்சலை கிட்ட, நீ ஏன் இப்படிப் பண்ணினேன்னு கேட்டேன். "சொல்லிட்டா அவ புள்ளையும் போயிடும். அப்பால அந்த லைன்ல நான் எப்டி முசே குடியிருப்பேன்?"ன்னா. பெரிய தியாகம் பண்ணின மாதிரியெல்லாம் பேசலை. உடனே இன்னொண்ணும் சொன்னா: "அவ மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்."

சீனியர் என்னோட ரொம்ப நாள் பேசலை. பேசினப்போ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "அங்கியைப் பிடிச்சு இழுத்தது சரி, அது கட்சிக்காரியோட விருப்பம். வராந்தாவுல அந்தப் பொம்பளைக்கு நீ ஏன் அப்படிப் பதில் சொன்னே? நீ யாருக்கு வக்கீல்?" அவர் கேட்டது நியாயம். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாச்சு, நான் இன்னும் அவரோட மனசுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சில நாள் அவர் ஜெயிப்பார். உங்கள்ல பாதிப் பேர் இப்பவே தலையாட்டறீங்க, பொய்தான் சொல்லியிருக்கணும்னு. ஆட்டுங்க. ஆனா அந்த மூணு புள்ளைங்களையும் எடுத்திருந்தா, அவங்க அம்மாங்க என் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னிருந்தா, அப்பவும் ஆட்டுவீங்களான்னு யோசிச்சுக்கிட்டு ஆட்டுங்க.

அதோட முடிஞ்சிருந்தா நான் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். தோத்த கேஸ் யார் கிட்டதான் இல்லை. அப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்க விடாம அடிக்குது.

அந்தத் தீர்ப்புக்கப்புறம் லைன்ல ஒருத்தியும் புள்ளையைக் கட்டலை. அவ்வளவு பயம். கட்டாம விட்டுட்டு வேலைக்கும் போக முடியலை. ஒரு பொண் குழந்தை வாய்க்கால் தண்ணிக்குள்ள இறங்கி, கழுத்து வரைக்கும் போயி, யாரோ ஒருத்தன் பாத்து இழுத்துப் போட்டான். அதுக்கப்புறம் ஒரு நாள் அஞ்சலை மில்லுக்குப் போகலை. மறுநாளும் போகலை. வேலையை விட்டுட்டா. லைன்ல இருந்த ஏழு வீட்டுப் புள்ளைங்களையும் தன் குடிசையில வச்சுக்கிட்டுப் பாத்துக்க ஆரம்பிச்சா. ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தாங்க, அதை ஒண்ணாப் போட்டுப் பொங்கி, புள்ளைங்களுக்கும் ஊத்தி அவளும் குடிச்சா. தனக்கோடி பையனும் அதுல ஒருத்தன். காலையில தனக்கோடி கொண்டுவந்து வாசல்ல விடுவா, அஞ்சலை கையைப் பிடிச்சு உள்ள இழுத்துக்குவா. ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை கிடையாது. வருஷக் கணக்கா கிடையாது.

இதைக் கேள்விப்பட்டதும் நான் துள்ளிக் குதிச்சேன். நிலைமை மாறினா, குழந்தையைத் திருப்பிக் கேட்டு மறுபடி மனு போடலாம்னு சட்டம் இருக்கே! வேலைக்குப் போய்க் குழந்தையைக் கட்டினதுதானே குத்தம்? இப்ப இவ பகல் முழுக்க வீட்டுல இருக்கா. ஒண்ணுக்கு ஏழு குழந்தைங்களைக் கட்டாம வளக்கறா. இதுக்கு மேல என்ன வேணும்? சீனியரே இறங்கி வந்து மனுவை எழுதினார். கோர்ட்டு அனுப்பின அம்மா ஒருத்தங்க குடிசையை வந்து பாத்தாங்க. குழந்தைங்க சுத்தமா இருக்கு, பயமில்லாம இருக்கு, இவ கிட்ட ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நல்லபடியாத்தான் எழுதினாங்க. நான் அஞ்சலை கிட்ட போய், "இந்தத் தடவை பாரு"ன்னு சொல்லிட்டேன். 'கண்டிப்பா'ன்னும் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்ன, சொன்னேன்.

முதல் கோர்ட்டு மனுவைத் தள்ளிச்சு. அப்பீலுக்குப் போனோம், அங்கயும் தள்ளிட்டாங்க. காரணம் என்னன்னா, மனுதாரருக்கு வேலை இல்லை, சொந்தம் இல்லை, அடுத்தவங்க போடற அரிசியில சாப்பிடறா, ஒரு குழந்தையை வளக்கறதுக்குண்டான ஜீவனம் அவளுக்கு இல்லை. எழுதினதுல பொய் ஒரு வரி கிடையாது. அதுதான் வயித்தெரிச்சல்.

சொல்றதுக்கு நான்தான் லைனுக்கு நடந்து போனேன். நடந்தேன்னு சொல்றேனே தவிர, கால் பின்னாலதான் இழுத்துச்சு. அவ குழந்தைங்களைச் சுத்தி உக்கார வச்சு கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தா. ஒரு வாண்டு அவ முதுகுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. தீர்ப்பைச் சொன்னேன். கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கேட்டா.

"மில்லுக்குப் போனேன்னு அன்னிக்கு எடுத்துக்கினாங்க. மில்லுக்குப் போவலைன்னு இன்னிக்குக் குடுக்க மாட்டேன்றாங்க. நீங்களே சொல்லுங்க முசே. நாளைக்கு நான் மில்லுக்குப் போவட்டுமா, வேணாமா?"

நான் வக்கீல் மாதிரி யோசிச்சேன். அதுதானே தெரியும் எனக்கு. "போ, அஞ்சலை. நாளைக்கே போய் வேலை கேளு. ஜீவனம் இருக்குன்னு காட்டலாம். இன்னொரு மனு போடறேன். கேஸுக்கு அதுதான் நல்லது"ன்னேன்.

அவ முதுகுல தொங்கின வாண்டை இறக்கி மடியில உக்கார வச்சுக்கிட்டா. தனக்கோடி பையன் கிண்ணத்தை நீட்டினான். அவனுக்கு ஊத்தினா. சுத்தி இருந்த ஏழு தலையையும் ஒருதரம் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா.

"அப்போ இதுங்கள யாரு பாத்துக்குவாங்க?"

நான் தீர்ப்பு நகலை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன். இன்னொரு மனுவுக்கு அவ வரவே இல்லை. மில்லுக்கும் போகலை. பூங்காவனம் அந்த இல்லத்துலயே வளந்து பெரியவளானா.